பூட்டும் ஏடும்: திருவனந்தபுரத்தில் படியெடுக்கும் உரிமையின் கதை

நம் சங்கத்தின் பழைய ஆண்டு மலர்களையெல்லாம் கணினியில் ஏற்றி வைத்துவிடலாம் என்று மூன்று ஆண்டுகளுக்கு முன் செயற்குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். தீர்மானம் போடுவது எளிது. வேலை என் தலையில் விழுந்தது. 2001-ஆம் ஆண்டு மலரின் சிடி மட்டும் என் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் அந்த மலரைக் கோத்துக் கொடுத்த டி.டி.பி. சென்டருக்குப் போனேன். கடைக்காரர் சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாரே, சிடி நல்லாத்தான் இருக்கு. பூட்டு இல்லியே!"

அவர் சொன்ன பூட்டு, இரண்டு விரல் அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. அந்தக் காலத்தில் தமிழ் அச்சுக்கோப்பு மென்பொருள் வாங்கினால் கூடவே அதைத் தருவார்கள். கணினியின் பின்புறம் பிரிண்டர் செருகுகிற இடத்தில் அதைச் செருகினால்தான் தமிழ் எழுத்து திரையில் வரும். இல்லாவிட்டால் வெறும் ஆங்கிலக் குப்பை. நகல் எடுத்து இலவசமாக ஓட்டிவிடுவார்களே என்ற பயத்தில் வைத்த ஏற்பாடு அது. அந்தப் பூட்டு என்றோ பழுதாகிப் போயிற்று. விற்ற நிறுவனமும் இப்போது இல்லை. இருந்தாலும் அதைச் செருகுவதற்கான துளையே இன்றைய கணினிகளில் கிடையாது. அப்படியாக, நாம் எழுதி, நாம் காசு கொடுத்துக் கோத்து, நம் அலமாரியிலேயே வைத்திருந்த நம் கட்டுரைகளை நம்மால் படிக்க முடியவில்லை.

வீட்டுக்குத் திரும்பி வரும் வழியில்தான் இந்த ஊரின் வேறொரு கதை நினைவுக்கு வந்தது.

மணலிக்கரை ஏடு

திருவிதாங்கூர் அரசு 1905-இல் திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசையைத் தொடங்கியது. அதைப் பதிப்பித்தவர் மகாமகோபாத்தியாய த. கணபதி சாஸ்திரி. திருநெல்வேலிச் சீமையில் தருவை என்ற ஊரில் 1860-இல் பிறந்தவர். நம்மைப் போலப் பிழைப்புக்காக இங்கே வந்த தமிழர்தான். நாடு முழுக்க ஏடு தேடி அலைந்த அவருக்கு 1909 வாக்கில் பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில் மணலிக்கரை மடத்தில் ஒரு பனையோலைச் சுவடிக்கட்டு கிடைத்தது. மலையாள எழுத்தில் எழுதியிருந்த வடமொழி நாடகங்கள் அவை. காளிதாசன் பெயர் சொல்லிப் புகழ்ந்த, ஆனால் நூல் ஒன்றும் கிடைக்காமல் உலகம் மறந்துபோயிருந்த பாசன் என்ற கவியின் நாடகங்கள் இவை என்று சாஸ்திரி அறிவித்தார். 1912 முதல் ஒவ்வொன்றாக அச்சில் வந்தன. மொத்தம் 13. எல்லாமே பாசன் எழுதியவைதானா என்று அறிஞர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். அது நமக்கு வேண்டாம். நமக்கு வேண்டிய கேள்வி, அந்த ஏடு எப்படி அதுவரை பிழைத்தது என்பது.

பனையோலைக்கு ஆயுள் உண்டு. நம் ஊர் மழைக்கும் ஈரத்துக்கும் செல்லுக்கும் பூச்சிக்கும் முன்னால் அது சில நூறு ஆண்டுகளுக்கு மேல் தாங்காது. ஆகவே பாசன் கையால் எழுதிய ஓலை எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது படியின் படியின் படி. கூடியாட்டம் ஆடுகிற சாக்கியார்கள் மேடைக்கு வேண்டுமென்று படியெடுத்துக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் யாராவது ஒருவர் எழுத்தாணியை எடுத்து உட்கார்ந்தார். அவரை யாரும் அனுமதி கேட்கச் சொல்லவில்லை. நடுவில் ஒரு தலைமுறை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மணலிக்கரையில் வெறும் தூசிதான் மிஞ்சியிருக்கும். மணலிக்கரை 1956 நவம்பர் 1 முதல் கன்னியாகுமரி மாவட்டத்தில், அதாவது தமிழ்நாட்டில் இருக்கிறது. ஏட்டுக்கு எல்லை தெரியாது.

பாட்டு யாருடையது?

படியெடுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது அச்சுக் காலத்துக்குப் பிறகுதான். அதில் நியாயம் இல்லாமலில்லை. எழுதுகிறவனும் சாப்பிட வேண்டும். நம் ஊரிலேயே இருந்து எழுதிய நகுலனுக்கும் ஆ. மாதவனுக்கும் நீல பத்மநாபனுக்கும் தமிழ்நாட்டுப் பதிப்பாளர்கள் கொடுத்த பணம் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது. அதையும் நாம் பறிக்க வேண்டாம். ஆனால் உரிமை ஒரு கைக்குப் போய்ப் பூட்டப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழர்களுக்கு வெளியே உதாரணம் தேட வேண்டியதில்லை. பாரதியே இருக்கிறார்.

1921-இல் பாரதி மறைந்தபோது குடும்பம் வறுமையில் இருந்தது. பாட்டுகளை இசைத்தட்டில் பதிவு செய்யும் உரிமை 1930-களில் ஒரு வணிகருக்கு விற்கப்பட்டு, பிறகு ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் கைக்கு வந்தது. 1948-இல் டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டை வைத்ததும் வழக்கு வந்தது. ஊரெல்லாம் பாடுகிற பாட்டைப் படத்தில் பாடுவதற்கு ஒரு தனியாரிடம் அனுமதி கேட்பதா என்று எழுத்தாளர்களும் தலைவர்களும் கொதித்தார்கள். கடைசியில் 1949-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு உரிமையை வாங்கியது. செட்டியாரும் தம் உரிமையைப் பணம் வாங்காமல் அரசுக்குக் கொடுத்தார். 1950-களின் நடுவில் அது முழுக்க மக்களுக்கு விடப்பட்டது. ஒரு கவிஞனின் எழுத்தை அரசே வாங்கி யாரும் அச்சிடலாம் என்று விடுவது அன்றைக்கு உலகத்தில் வேறெங்கும் கேள்விப்படாத காரியம். இந்த வரலாற்றை ஆ.இரா. வேங்கடாசலபதி தனி நூலாகவே ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். பிற்பாடு எத்தனையோ தமிழ் எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமை ஆயின. குடும்பத்துக்குப் பணமும் போயிற்று, நூலும் ஊருக்குப் போயிற்று.

வெளிநாட்டுக்காரர்கள் 'கட்டற்ற மென்பொருள்' என்று பேச ஆரம்பிப்பதற்கு முப்பது ஆண்டு முன்பே இது நடந்துவிட்டது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கலாம்.

ஒரு பிரிண்டர் செய்த வேலை

இனி கணினிக்கு வருவோம். சுமார் 1980-இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தில் ஒரு புது லேசர் பிரிண்டர் வந்தது. காகிதம் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். பழைய பிரிண்டரில் அப்படிச் சிக்கினால் உடனே எல்லோர் திரைக்கும் தகவல் போகும்படி ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற இளைஞர் ஒரு சிறு நிரல் எழுதி வைத்திருந்தார். புது இயந்திரத்திலும் அதைச் சேர்க்கலாமென்று மூல நிரலைக் கேட்டார். அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகக்காரர், வெளியே தர மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன் என்று கைவிரித்துவிட்டார். அண்டை வீட்டில் சமையல் குறிப்பு கேட்டால் 'சத்தியம் பண்ணியிருக்கேன், சொல்ல மாட்டேன்' என்று சொன்னால் எப்படி இருக்கும்! அந்தக் கோபம் ஆறவில்லை. 1983-இல் குனு என்ற திட்டத்தை அறிவித்தார், 1985-இல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். பயன்படுத்த, பிரித்துப் பார்த்துத் திருத்த, படியெடுத்துப் பிறருக்குத் தர, திருத்தியதையும் தர என்று நான்கு உரிமைகளைச் சொல்லும் ஜி.பி.எல். உரிமம் 1989-இல் வந்தது. பெற்றுக்கொண்டவர் அடுத்தவருக்கும் அதே உரிமையோடுதான் தர வேண்டும் என்பது அதன் சூட்சுமம். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் கருவும் அடுத்த ஆண்டு இதே உரிமத்தில் சேர்ந்தது. முழு இயங்குதளம் கைக்கு வந்தது.

'ஃப்ரீ' என்றதும் நம்மவர்கள் 'இலவசம்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில்தான் அந்தக் குழப்பம். மலையாளத்தில் 'ஸ்வதந்த்ரம்' என்று சொன்னார்கள். சுதந்திரம் என்ற பொருள் சட்டென்று விளங்கிவிட்டது. தமிழில் 'கட்டற்ற' என்றோம். அதுவும் நல்ல சொல்தான்.

2001, ஜூலை 20

அந்த ஸ்டால்மன் நம் ஊருக்கு வந்தார். 2001 ஜூலை 20 அன்று இந்தியாவுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் அவர் கையால் தொடங்கி வைக்கப்பட்டது. ஆசியாவில் அந்த இயக்கத்துக்கு அமைந்த முதல் கிளை அமைப்பு இது. பெங்களூரிலும் ஐதராபாத்திலும் பெரிய பெரிய கணினி நிறுவனங்கள் இருக்க, ஏன் திருவனந்தபுரம்? 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க் இங்கே இருக்கிறது என்பார்கள். அது பாதிக் காரணம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 1945-இல் பி.என். பணிக்கர் 47 நூலகங்களைக் கூட்டித் திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கம் தொடங்கிய மண் இது. எந்தக் கிராமத்து முக்கிலும் ஒரு வாசகசாலை. ஒரு புத்தகம் நாற்பது கைக்குப் போகும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவனிடம் 'இதை நீ அடுத்தவருக்குத் தரக் கூடாது' என்றால் அவனுக்கு உடம்பு கூசும். 1962-இல் தோன்றிய சாஸ்திர சாகித்ய பரிஷத்தும், 1991-இல் முடிந்த முழு எழுத்தறிவு இயக்கமும் ஆசிரியர்களை வீதிக்குக் கொண்டுவந்து பழக்கியிருந்தன.

அந்த ஆசிரியர்கள்தான் அடுத்த காரியத்தைச் செய்தார்கள். அதே காலத்தில் அரசு 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்ற பெயரில் பள்ளிகளில் கணினி கற்பிக்கத் தொடங்கியது. முதலில் வந்த பாடப்புத்தகம் ஏறக்குறைய ஒரே நிறுவனத்தின் மென்பொருளுக்குக் கையேடு மாதிரி இருந்தது. ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. பிள்ளைகளுக்குக் கணினி சொல்லித்தரச் சொன்னீர்களா, ஒரு கம்பெனிக்கு வாடிக்கையாளர் பிடித்துத்தரச் சொன்னீர்களா என்பது அவர்கள் கேள்வி. முதலில் விரும்பினால் லினக்ஸ் என்று இருந்தது. பிறகு படிப்படியாக அதுவே முழுப் பாடம் ஆயிற்று. 2006-இல் வி.எஸ். அச்சுதானந்தன் முதலமைச்சராக இருந்தபோது இந்தப் போக்குக்கு வெளிப்படையான அரசு ஆதரவு கிடைத்தது. ஓரிரு ஆண்டுகளில் எஸ்.எஸ்.எல்.சி. கணினித் தேர்வே முழுக்க முழுக்கக் கட்டற்ற மென்பொருளில் நடந்தது. ஒரே சமயத்தில் இத்தனை லட்சம் பிள்ளைகள் லினக்ஸில் தேர்வு எழுதுவது உலகத்தில் வேறு எங்கே உண்டு?

இதில் மெச்ச வேண்டியது அரசாணையை அல்ல என்பேன். இயற்பியல் டீச்சரையும் மலையாளம் வாத்தியாரையும் பயிற்சிக்கு அழைத்து, அவர்களையே மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சியாளர் ஆக்கினார்கள். கணினியில் ஏதாவது கோளாறென்றால் கம்பெனி ஆள் வரும்வரை காத்திருக்கவில்லை, அவர்களே கழற்றி மாட்டினார்கள். பாடத்துக்குத் தேவையான கணிதம், அறிவியல், வரைபடம் வரையும் மென்பொருள்களைப் பொறுக்கிச் சேர்த்து நம் பள்ளிகளுக்கென்றே ஓர் இயங்குதளத்தைத் தயார் செய்தார்கள். பூட்டிய மென்பொருளில் இதைச் செய்யவே முடியாது. பூட்டைத் தொட்டாலே குற்றம். 2017-இல் இத்திட்டம் 'கைட்' என்ற அரசு நிறுவனமாயிற்று. 2019-இல் புதிய பதிப்பு வந்தபோது, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் ஏற்றுவதால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அறிவித்தார்கள். ஒரு கணினிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் உரிமக் கட்டணம் என்று வைத்துப் போட்ட கணக்கு அது; கொஞ்சம் தாராளமான கணக்கு என்றே படுகிறது. மொத்தமாக வாங்குகிற அரசுக்கு யார் அந்த விலை சொல்வார்கள்? ஆனால் பணம் இதில் இரண்டாம் பட்சம். இந்தச் சிடியைப் படியெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோ, அண்ணனுக்கும் கொடு என்று ஒரு ஆசிரியர் திருட்டுப் பயம் இல்லாமல் பிள்ளையிடம் சொல்ல முடிகிறதே, அதற்கு விலை போட முடியாது.

நம் பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு. கேரளத்தில் தமிழும் கன்னடமும் சிறுபான்மை மொழிகள் என்பதால் கணினிப் பாடப்புத்தகம் தமிழிலும் வருகிறது, தேர்வும் தமிழில் எழுதலாம். சாலையில் உள்ள அரசுத் தமிழ்ப் பள்ளியிலும், இடுக்கித் தோட்டத்துப் பள்ளிகளிலும், பாலக்காட்டு எல்லைப் பள்ளிகளிலும் படிக்கிற தமிழ்ப் பிள்ளைகளின் கையில் இருப்பதும் இதே இயங்குதளம்தான்.

பள்ளியோடு நிற்கவில்லை. மின்வாரியத்தின் பில் போடும் 'ஒரும' என்ற மென்பொருளை வாரியத்தின் சொந்த ஊழியர்களே கட்டற்ற கருவிகளைக் கொண்டு எழுதினார்கள். 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது நம் சட்டமன்றச் செயலகமும் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனத்தில் சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது இதே முயற்சி வேகமாகத்தான் நடந்தது. அவர் மாறிப்போனதும் வேகமும் போயிற்று. 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினியில் லினக்ஸோடு விண்டோஸும் சேர்ந்து வந்தது. பிள்ளைகள் எதைத் திறந்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு நல்ல அதிகாரியை நம்பி நின்ற காரியத்துக்கும், வாத்தியார்கள் தூக்கிப் பிடித்த காரியத்துக்கும் உள்ள வித்தியாசம் அது.

எழுத்துக்குப் போட்ட பூட்டு

மென்பொருள் திறந்தால் மட்டும் போதாது, எழுத்தும் திறக்க வேண்டும். தட்டச்சுப் பொறிக்காக 1971-இல் மலையாள எழுத்தைச் சீர்திருத்திக் கூட்டெழுத்துகளை வெட்டினார்கள். 1999-இல் திருவனந்தபுரத்தில் ஆர். சித்ரஜகுமார், கே.எச். ஹுசைன் முதலானோர் 'ரசனா' என்ற இயக்கம் கூட்டி, கணினியில் எல்லா எழுத்துக்கும் இடம் உண்டு, வெட்டிய எழுத்தைத் திருப்பிக் கொண்டுவருவோம் என்றார்கள். அவர்கள் செய்த எழுத்துரு பின்னர் ஜி.பி.எல். உரிமத்தில் வெளியாயிற்று. 2002 வாக்கில் மாணவர்கள் தொடங்கிய 'ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங்' என்ற தொண்டர் குழு அதை எடுத்து வளர்த்தது. அதே குழு 'மீரா இனிமை' என்று தமிழுக்கும் ஓர் எழுத்துரு செய்து யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறது. அதை வரைந்ததில் ஹுசைனின் கை உண்டு. மலையாளிகள் தமிழுக்குச் செய்த இந்த உபகாரம் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தமிழின் கதை கொஞ்சம் வேதனை. 1990-களில் கடைக்கு ஒரு எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறியீடு. ஒருவர் அனுப்பிய கடிதத்தை மற்றவர் படிக்க அதே எழுத்துருவை வாங்க வேண்டும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாடு 'டாம்', 'டாப்' என்று இரண்டு குறியீடுகளைத் தரப்படுத்தியது. புலம்பெயர்ந்தவர்கள் இணையத்தில் பேசி உருவாக்கிய 'டிஸ்கி' தனியாக ஓடியது. 1991-லேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும் தமிழக அரசு அதை ஏற்று ஆணையிட்டது 2010-இல்தான். இடைப்பட்ட இருபது ஆண்டில் தட்டச்சு செய்யப்பட்ட தமிழ் எவ்வளவு! அதில் பெரும்பகுதி நம் மலர் சிடி மாதிரி எங்கோ அலமாரியில் பேசாமல் கிடக்கிறது.

விதிவிலக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். ஊர் ஊராக இருக்கிற தமிழர்கள் சம்பளமில்லாமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, பூட்டில்லாமல் வைத்தார்கள். டிஸ்கியில் தொடங்கிய அந்த நூல்கள் பிறகு யூனிகோடுக்கு மாறின. மாற்ற முடிந்ததே, கோப்பு திறந்திருந்தால்தானே!

வாங்கியதா, வாடகையா?

இப்போது வருகிற பூட்டுக்குப் பிளாஸ்டிக் துண்டு கூட வேண்டாம். மின்னூலுக்குள்ளேயே, பாட்டுக்குள்ளேயே அது இருக்கிறது. டிஜிட்டல் உரிமை மேலாண்மை என்று கௌரவமாகப் பெயர். 2005-இல் சோனி பி.எம்.ஜி. நிறுவனம் இசை சிடிக்குள் மறைத்து வைத்த நகல்தடுப்பு நிரல், பாட்டுக் கேட்டவர்களின் கணினியிலேயே ஒளிந்துகொண்டு வைரஸுக்கு வழி திறந்துவிட்டது. கடைசியில் சிடிகளைத் திரும்பப் பெற்றார்கள். 2009 ஜூலையில் அமேசான், தனக்கு உரிமை இல்லாதவர் விற்றுவிட்டார் என்று சொல்லி, ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை வாங்கியவர்களின் கிண்டில் கருவியிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது. பணம் திரும்பக் கொடுத்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் வீட்டுக்குள் வந்து புத்தகத்தை எடுத்துப் போக முடியும் என்பது தெரிந்துபோயிற்று. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது அங்கே வாங்கிய நூல்கள் எல்லாமே திறக்காமல் போயின. காசு திரும்ப வந்தது. ஓரத்தில் எழுதி வைத்த குறிப்பு வருமா?

நம் நாட்டுச் சட்டம் இதில் கொஞ்சம் நிதானமானது. 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ என்ற பிரிவு சேர்ந்தது. பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. ஆனால் உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான் குற்றம். சட்டம் தடை செய்யாத காரியத்துக்காகத் திறந்தால் குற்றமில்லை. 1998-இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் போலக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாரையும் அடிப்பதில்லை. அதே 2012 திருத்தம், பார்வையற்றோர் தங்களுக்கு ஏற்ற வடிவத்தில் நூலைப் படியெடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளை நம்பிப் படிக்கிறவர்களுக்குப் பூட்டிய மின்னூல் என்பது மூடிய கதவு.

இன்னொரு சங்கதி. இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுக்குப் பிறகு நூல் பொதுவுடைமை. நம் மகாராஜா கல்லூரியில் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' எப்போதோ ஊர்ச்சொத்து. யாரும் அச்சிடலாம், யாரும் நடிக்கலாம். ஆனால் அதையே யாராவது பூட்டிய மின்னூலாக விற்றால் பூட்டு பூட்டாகவே இருக்கும். சட்டத்துக்குக் கெடு உண்டு; பூட்டுக்கு நாள்காட்டி தெரியாது.

2006 ஆகஸ்டில் பெங்களூரில் ஜி.பி.எல். உரிமத்தின் மூன்றாம் பதிப்பை விவாதிக்கப் பன்னாட்டு மாநாடு நடந்தது. 2007 ஜூனில் அது வெளியானபோது, இந்த உரிமத்தில் வரும் மென்பொருளைக் கொண்டு பூட்டுப் போட்டுவிட்டு, 'திறக்காதே' என்று சட்டத்தைக் காட்ட முடியாதபடி விதி சேர்ந்திருந்தது.

மீண்டும் அந்தச் சிடி

நம் மலர் என்னாயிற்று என்று கேட்பீர்கள். என் பேத்தி இங்கே அரசுப் பள்ளியில் படித்தவள். எட்டாம் வகுப்பிலிருந்தே அவளுக்கு லினக்ஸ்தான் தெரியும். விடுமுறைக்கு வந்தவளிடம் சிடியைக் கொடுத்தேன். கோப்பை ஏதோ ஒரு கருவியில் திறந்து அரைமணி நேரம் உற்றுப் பார்த்தாள்.

"தாத்தா, உள்ள எழுத்தெல்லாம் இருக்கு. பாஷைதான் வேற."

எழுத்துகள் உள்ளே ஆங்கிலக் குறிகளாக அப்படியே இருந்தன. அச்சான மலரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்தக் குறிக்கு எந்தத் தமிழ் எழுத்து என்று ஒரு பட்டியல் போட்டோம். நான் வாசிக்க, அவள் எழுதினாள். பழைய முறையில் 'கொ' என்பது முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் ககரம் முன்னால் வர வேண்டும். இதையெல்லாம் மாற்றிப் போட ஒரு சின்ன நிரல் எழுதினாள். அதற்கான கருவி, எழுத்துரு எல்லாமே கட்டற்றவை, ஒரு பைசா செலவில்லை. நான்காம் நாள் மாலை என் பழைய கட்டுரை திரையில் வந்தது. இருபது ஆண்டுக்கு முன்பு விட்ட அச்சுப்பிழைகளோடு.

22 கட்டுரைகளில் 19 கிடைத்துவிட்டன. மூன்று கட்டுரைகளை மட்டும் கடைக்காரர் அந்தப் பூட்டு மென்பொருளின் சொந்த வடிவத்தில், முழுக்கக் குறியாக்கம் செய்து சேமித்து வைத்திருந்தார். அவற்றை அவளாலும் திறக்க முடியவில்லை. மூன்றில் இரண்டை அச்சுப் பிரதியைப் பார்த்துத் திரும்பத் தட்டச்சு செய்துவிட்டோம். மூன்றாவது, கோட்டைக்குள் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களைப் பற்றி மறைந்த நம் மூத்த உறுப்பினர் ஒருவர், தம் தகப்பனார் சொல்லக் கேட்டதை எழுதியது. சங்க நூலகத்தில் இருக்கும் ஒரே பிரதியில் 41 முதல் 48 வரையுள்ள பக்கங்களைச் செல் அரித்திருக்கிறது. அவர் வீட்டிலும் கையெழுத்துப் படி இல்லை.

2001-ஆம் ஆண்டு மலர் உங்கள் வீட்டுப் பரணிலோ, ஊரில் அண்ணன் தம்பி வீட்டிலோ இருந்தால் அந்த எட்டுப் பக்கங்களை மட்டும் கைபேசியில் படம் பிடித்துச் சங்கச் செயலாளருக்கு அனுப்புங்கள். மலரை நாங்கள் வாங்கிக்கொள்ள மாட்டோம். படி போதும்.